சாவிக்கு நீட்டிய கை

எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் முழுக்க இது தெரிந்த விஷயம். "அந்த ஆன்ட்டியா? பாத்துப் பேசு" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொல்லட்டும். எதற்குக் கோபம் என்று மட்டும் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். ஒரு கையைப் பார்த்தால் வரும். என் வீட்டுக்காரரின் வலது கை.

வாரம் முழுக்க இந்தக் குடும்பத்தின் டிரைவர் நான்தான். மகளை நீச்சல், பரதநாட்டியம், டியூஷன் என்று கொண்டுபோய்க் கொண்டுவருவது நான். பனி கொட்டுகிறபோது அவருடைய அத்தை பையனை நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தது நான். எடிசனுக்குப் போய் அரிசி மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு வருவதும் நான். ஆனால் அவரும் கூட வருகிறார் என்றால், கார் கண்ணில் பட்டதுமே அந்தக் கை நீளும். வாயைத் திறந்து கேட்கக்கூட மாட்டார். போனைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையை மட்டும் நீட்டுவார். நான் அதில் சாவியை வைக்க வேண்டும்.

காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் அவரை ட்ரெயினுக்கு விடப் போகும்போதும் இதே கூத்துதான். ஸ்டேஷன் வரைக்கும் அவர் ஓட்டுவார். இறங்கி ஓடுவார். நான் மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்து, அவர் பின்னால் தள்ளிப் போட்ட சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, வீட்டுக்கு ஓட்டி வருவேன். எங்கள் காம்ப்ளெக்ஸில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். பெண்டாட்டி தனியாகப் போனால் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு ஓட்டத் தெரியாமல் போய்விடும்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதே அமெரிக்கா வந்த பிறகுதான். குரோம்பேட்டைக்காரர். காலேஜுக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் போனார், அப்புறம் விமானம் ஏறினார், நடுவில் கார் என்கிற பேச்சே இல்லை. இங்கே வந்து ஆட்டோமேட்டிக் வண்டியில் பழகினார். நானோ கல்யாணத்துக்கு முன்னால் தர்மபுரியில் ஒரு சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் ஃபீல்டு வேலை பார்த்தவள். கம்பெனியில் ஒரு டீசல் ஜீப் இருந்தது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ரிவர்ஸ் போட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். அதை எடுத்துக்கொண்டு பென்னாகரம், சித்தேரி என்று மண் ரோட்டிலும் ஓடையிலும் போய்க்கொண்டிருந்தேன். யானை ரோட்டைத் தாண்டும்வரை இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே மூச்சடக்கி உட்கார்ந்திருந்ததும் உண்டு. இதெல்லாம் அவருக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். "பரவாயில்லையே, ஜீப்லாம் ஓட்டுவீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு மறந்துவிட்டார்.

நமீபியா என் யோசனை. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் பின்னால் இது யாருடைய யோசனை என்றே தெரியாமல் போய்விட்டது. ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிற நாடு. தலைநகர் விண்ட்ஹூக்கில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, கூரைமேல் மடித்துவைத்த கூடாரத்தோடு, நாமே ஓட்டிக்கொண்டு எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் போகலாம். கைடு வேண்டாம், டூர் பஸ் வேண்டாம். தண்ணீர்க் குட்டை ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் வரிக்குதிரையும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தண்ணீர் குடிக்க வரும். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. சூரியன் மறைவதற்குள் தங்கும் முகாமின் கேட்டுக்கு உள்ளே வந்துவிட வேண்டும். ரோடெல்லாம் சரளை. நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் போக வேண்டும், ஸ்டீயரிங் வலது பக்கம், கியர் இடது கையில். அமெரிக்காவில் எல்லாமே இதற்கு நேர் எதிர், ஸ்டீயரிங் இடது பக்கம்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கை துறுதுறு என்றது. பொய் சொல்வானேன், சிங்கம் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. எனக்கு ஓட்ட வேண்டும். ஹைவேயில் லேன் பிடித்துக்கொண்டு போவதற்கு எதற்கு மனுஷி? அதைக் காரே செய்துகொள்கிறது. சரளைமேல் வண்டி லேசாக வழுக்கும்போது ஸ்டீயரிங்கோடு சண்டை போடாமல் விட்டுப்பிடிப்பது இருக்கிறதே, அது என் கைக்குத் தெரிந்த வேலை. இத்தனை வருஷமாக அந்த வேலையை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். எந்த ரோட்டில் பெட்ரோல் பங்க் இல்லை, சரளையில் டயர் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், எந்தக் குட்டைக்குக் காலையில் போக வேண்டும், எதற்குச் சாயங்காலம் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். அவரிடம் சொன்னபோதெல்லாம் "ம்ம், பாக்கலாம்" என்பார். அவர் ஆபீஸில் யாரோ ஒருத்தர் ஆப்பிரிக்கா போய்விட்டு வந்து போட்டோ காட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நாம ஏன் ஒரு சஃபாரி பண்ணக் கூடாது?" என்று என்னிடமே கேட்டார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு விட்டாரா? பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிற அவருடைய நண்பரையும் சேர்த்துக்கொண்டார். நண்பர் மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை. என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், அந்தச் சிஸ்டர் என் காதில் விழும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மாதிரி இருக்கும். அவர் மனைவி நல்லவள், என்னோடு வாக்கிங் வருவாள். ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டில் பாட்லக். ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கொண்டே ட்ரிப்பை ப்ளான் பண்ணுவதாக ஏற்பாடு.

போனதும் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆண்கள் ஹாலில், பெண்கள் கிச்சனில். நான் போட்ட ரூட் மேப் ஹாலில் பெரிய டிவியில் தெரிகிறது. என் வீட்டுக்காரர் கையில் சாம்பார் வடைத் தட்டோடு எழுந்து நின்று, "இங்க பெட்ரோல் கிடைக்காதுடா, இங்கயே ஃபில் பண்ணிக்கணும்" என்று விளக்குகிறார். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளை, எழவு வீடென்றால் பிணம், அப்படி ஒரு மனுஷன். கிச்சனில் நண்பரின் மனைவி என் கையைப் பிடித்து, "புளிக்காய்ச்சல் நீ பண்ணிடுப்பா, தொக்கு நான் எடுத்துக்கறேன். ரைஸ் குக்கர் அங்க ப்ளக்ல வேலை செய்யுமா?" என்றாள். நான் ஹாலுக்குப் போய் நின்றேன்.

நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். "டிரைவிங்குக்கு நாங்க ரெண்டு பேரும் ஷிஃப்ட் போட்டுக்கறோம். லேடீஸ் பின்னாடி உக்காந்து ஜாலியா ரிலாக்ஸ் பண்ணுங்க."

"நான் ஓட்டறேன்" என்றேன்.

"சிஸ்டர், இது நம்ம ரூட் ஒன் ஹைவே இல்ல. ஆப்பிரிக்கா!"

"ஆப்பிரிக்கான்னு தெரியும். ரூட்டைப் போட்டதே நான்தான். அந்தக் கம்பெனில கூடாரம் வெச்ச வண்டி எல்லாமே மேனுவல். கியர் வண்டி. உங்க ரெண்டு பேருக்கும் க்ளட்ச் எந்தக் காலுக்குன்னு தெரியுமா?"

நண்பர் சிரித்தார். "என்ன பெரிய விஷயம்? ஒரு நாள் பிராக்டிஸ் பண்ணா வந்துடப்போவுது. நாமல்லாம் இன்ஜினீயர்ஸ்!" நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வடையைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். வழி முழுக்க நான்தான் பேசினேன். "ஒரு வார்த்தை. இவளுக்கு ஓட்டத் தெரியும்டான்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டேன். "அவன் சும்மா கிண்டலுக்குச் சொன்னான், நீ ஏன் டென்ஷன் ஆவற?" என்றார். பின்சீட்டில் மகள் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

பிராக்டிஸ் பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில். நம் ஆட்கள் இங்கே பாதிப் பேர் கார் பழகியது அந்த மாதிரி இடத்தில்தான். விசேஷம் இல்லாத நாளில் இடம் காலியாகக் கிடக்கும், இடித்தாலும் பெருமாள் பார்த்துக்கொள்வார். நண்பர் பக்கத்து வீட்டு அமெரிக்கரிடம் ஒரு பழைய கியர் வண்டியைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். அந்த அமெரிக்கரே ஓட்டி வந்து நிறுத்திவிட்டு, பின்னால் மனைவி கொண்டுவந்த காரில் ஏறிப் போய்விட்டாராம். அங்கேயே கதை புரிந்திருக்க வேண்டும்.

இவர்கள் சும்மா பழகிவிட்டுப் போயிருந்தால்கூட மானம் தப்பியிருக்கும். நண்பரின் மனைவிக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. யாரோ புதுக் காருக்குப் பூஜை போட வந்திருந்தார்கள், அர்ச்சகர் வெளியிலேயே நின்றார். "ஆப்பிரிக்கா போற முன்னாடி நாமளும் ஒரு பூஜை போட்டுடலாம்ப்பா" என்றாள். யாருடைய வண்டிக்கு? இரவல் வாங்கிய வண்டிக்கு, அதுவும் ஆப்பிரிக்காவுக்கு வரப்போகாத வண்டிக்கு. உலகத்தில் வேறு எந்த ஜனமாவது இதைச் செய்யுமா? அர்ச்சகர் பெயர் நட்சத்திரம் கேட்டார், சந்தனம் குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார், நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ம், சித்த முன்னால எடுங்கோ" என்றார்.

முதலில் நண்பர் ஏறினார். ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே சாவியைத் திருப்பினார், வண்டி நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்து அணைந்தது. இன்னொரு தடவை, இன்னொரு குதி. எலுமிச்சம்பழம் அசையவில்லை. "க்ளட்ச் ப்ராப்ளம்" என்று இறங்கிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்து என் வீட்டுக்காரர். அந்த இடம் லேசாகச் சரிவு. அவர் ஹேண்ட்பிரேக்கை எடுத்தார், க்ளட்சை மிதித்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்தார், வண்டி மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. புதுக் கார்க்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவழியாக பிரேக்கை அமுக்கி நிறுத்தினார். நாலு பழமும் முன்னால் முழுசாக உட்கார்ந்திருந்தன. ஸ்டீயரிங் பழகிய பக்கத்தில் இருக்கும்போதே இந்த லட்சணம், அங்கே போய் இடது கையில் கியர் போடப் போகிறார்களாம்.

"ராகு காலம் வந்துடும். வேற யாருக்காவது ஓட்டத் தெரியுமா?" என்றார் அர்ச்சகர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் நடந்துபோய்க் கையை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கையையும் என்னையும் பார்த்தார். இறங்கிச் சாவியை வைத்தார்.

சீட்டை முன்னால் இழுத்தேன். க்ளட்ச், முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். வண்டி நடுங்கும் இடம் தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விட்டேன். பழம் நசுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம், மனசு வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று போட்டுப் பார்க்கிங்கை முழுசாகச் சுற்றினேன். என் இடது கால் ஒன்றையுமே மறக்கவில்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளத்தான் இன்னொரு சுற்று.

இறங்கியபோது மகள் ஓடி வந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "அம்மா, தட் வாஸ் சோ கூல்! வை டோண்ட் யூ எவர் டிரைவ் வென் அப்பா இஸ் இன் த கார்?"

எல்லோர் முன்னாலும் கேட்டாள். நண்பர் செருப்பைத் தேடினார். நண்பரின் மனைவி பிரசாதம் வாங்கப் போய்விட்டாள். "உங்க அப்பாவையே கேளு" என்றேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார்.

இனிமேலாவது பேச்சு மாறும் என்று நம்பினேன். அடுத்த வாரத்துக்குள் மாறத்தான் செய்தது. வாட்ஸ்அப்பில் நண்பர் எழுதியிருந்தார்: ஆப்பிரிக்கா வேண்டாம், சேஃப்டி ஃபர்ஸ்ட், மலேரியா, ரோடு மோசம், வெஜ் சாப்பாடு கஷ்டம், அதனால் அலாஸ்கா க்ரூஸ். கப்பலில் போய்விட்டு வரலாம், இந்தியன் சாப்பாடு போடுகிறார்கள், யாரும் எதையும் ஓட்ட வேண்டியதில்லை. கடைசி வரியை நானாகச் சேர்க்கவில்லை, அவரே எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் போட்ட கட்டைவிரல்.

அடப்பாவிகளா! நான் ஓட்டி இவர்கள் உட்கார்ந்து வருவதைவிட, ஒரு கண்டத்தையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். சிங்கத்துக்குப் பயப்படாதவர்கள், பூட்டில்லாத கூடாரத்துக்குப் பயப்படாதவர்கள், பக்கத்து சீட்டுக்குப் பயந்துவிட்டார்கள்.

"எதுக்கு தம்ஸ் அப்?" என்று கேட்டேன். அவர் சோபாவில் இருந்தார்.

"அவன் கம்ஃபர்டபிளா இல்லம்மா. அவ்ளோதான்."

"அவரா, நீங்களா?"

"ரெண்டு பேரும்னு வெச்சுக்கோ."

"மலேரியாவுக்கு மாத்திரை இருக்கு. ரோட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நெஜத்தைச் சொல்லுங்க. இன்னைக்காவது சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ரிமோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லியேவிட்டார். "அத்தனை தூரம் நீ ஓட்டிட்டு வர, நான் பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்துட்டு வந்தா நல்லாவா இருக்கும்? அவன் முன்னாடி?"

"நான் எத்தனை வருஷமா உக்காந்துட்டு வரேன்? யாரு முன்னாடியெல்லாம் உக்காந்துட்டு வரேன்? எனக்கு நல்லா இருந்துச்சான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன். மேல்வீட்டில் கேட்டிருக்கும், கேட்கட்டும். அழவில்லை. அலாஸ்காவுக்கு நான் வரவில்லை என்று குரூப்பிலேயே எழுதிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிங்கில் கிடந்த பாத்திரத்தைத் தேய்த்தேன். நண்பரின் மனைவி மட்டும் தனியாக எழுதியிருந்தாள்: "நீ வண்டிய எடுத்தப்போ எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சுப்பா." அதையும் எனக்கு மட்டும்தான் எழுதினாள்.

மறுநாள் காலை, விண்ட்ஹூக்கில் அப்போது மத்தியானம், ஜீப் கம்பெனிக்குப் போன் போட்டேன். மேஜையில் மகள் பாலில் சீரியலைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ட்ரெயினுக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டே பேசினேன். ஜீப் கம்பெனிப் பெண் நிதானமான இங்கிலீஷில் கேட்டாள், யார் ஓட்டப்போகிறீர்கள் என்று. என் பெயரைச் சொன்னேன். மேனுவல் பரவாயில்லையா என்றாள். அதுதான் வேண்டும் என்றேன். சரளை ரோட்டில் ஓட்டியிருக்கிறீர்களா என்றாள். ஓட்டியிருக்கிறேன், ஓடையிலும் ஓட்டியிருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். இரண்டாவது டிரைவர் யாராவது சேர்க்கட்டுமா என்றாள்.

வாசலில் ஷூ மாட்டும் சத்தம் நின்றது. மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நோ" என்றேன். "ஒன்லி மீ."

போனை வைத்ததும் அவர் தொண்டையைக் கனைத்தார். "நீயும் அவளும் மட்டுமா?"

"உங்களுக்கும் இடம் இருக்கு. வேணும்னா வாங்க."

"நான் எங்க..." என்று இழுத்தார்.

"எங்கன்னா? இத்தனை வருஷமா எந்தப் பக்கம் ஏறி உக்கார்றீங்களோ அதே பக்கம்தான். இடது பக்கம்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். "அதானே பாத்தேன்" என்றார். எழுந்து, போனைப் பார்த்துக்கொண்டே, வழக்கம்போல் கையை நீட்டினார்.

மகள் வாயிலிருந்த பால் தெறிக்கச் சிரித்தாள். "அப்பா! ஓவர் தேர் த லெஃப்ட் இஸ் த பேசஞ்சர் சீட்!"

கை நீட்டியபடியே நின்றது. நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போனேன். காரின் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, ஹாரனை ஒரு தடவை அடித்தேன். ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது.